எதிர்வரிசையில் பெரிய மருந்தகம்: இந்தச் சிறு கடையை வாங்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். நான் ஒரு மருந்தாளுநர். பினாங்கில் பேரங்காடி ஒன்றில் இருக்கும் சங்கிலித் தொடர் மருந்தகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஜெலுத்தோங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தனிக் கடை நடத்தும் சீனப் பெரியவர் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார். கடையை என்னிடம் கொடுக்க விரும்புகிறார். சரக்கு 190,000 வெள்ளி (ரிங்கிட்), கடையின் பெயருக்கு 90,000 வெள்ளி, ஆக மொத்தம் 280,000 வெள்ளி கேட்கிறார். மாத விற்பனை 90,000 வெள்ளி என்கிறார். ஆனால் எதிர்வரிசையில் இரண்டு பெரிய மருந்தகங்கள் வந்துவிட்டன. விடுமுறை நாள்களில் அவர் கடையில் நின்று பார்த்தேன். "அங்கே இது மலிவு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவரிடம் அரைமணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டு அங்கே போய் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இன்னோர் ஆசையும் உண்டு. மக்கள் வீட்டில் தேங்கிக் கிடக்கும் பழைய மருந்துகளைத் திரும்பப் பெற ஒரு பெட்டி வைக்க வேண்டும், பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும், மனசாட்சியோடு ஒரு கடை நடத்த வேண்டும். என் கணவர் தம் வேலையை விட்டுவிட்டுக் கடைக் கணக்கைப் பார்க்க வருகிறேன் என்கிறார். மக்கள் வருவார்களா? விலை நியாயமா? என் ஆசை வீண் செலவா? – வாசகி, பினாங்கு.

சகோதரிக்கு வணக்கம்.

வாங்கலாம். ஆனால் அவர் கேட்கும் விலைக்கு வேண்டாம், அவர் சொல்லும் விற்பனைத் தொகையை நம்பியும் வேண்டாம்.

அந்தப் பெரியவர் கையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. அலமாரியில் உள்ள சரக்கு ஒன்று. கடையின் பெயர் இன்னொன்று. மாதந்தோறும் மருந்துக்குத் திரும்பி வரும் மனிதர்கள் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் அவர் விலை போட்டுவிட்டார். நாளைக்கு உங்களுக்குச் சோறு போடப் போவது மூன்றாவதுதான். அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, உங்கள் கடிதத்திலும் ஒரு வரி இல்லை.

மக்கள் ஏன் எதிர்வரிசைக்குப் போகிறார்கள்? "மலிவு" என்று அவர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். டயப்பர், பால் மாவு, ஷாம்பு, வைட்டமின் புட்டி போன்றவற்றில் பெரிய மருந்தகத்தை உங்களால் விலையில் வெல்லவே முடியாது. அவர்கள் நாடு முழுவதும் உள்ள கிளைகளுக்குச் சேர்த்துக் கொள்முதல் செய்கிறார்கள். இரண்டாவது புட்டி பாதி விலை என்று அவர்களால் அறிவிக்க முடியும். நீங்கள் அறிவித்தால் கைக்காசு போகும். ஆனால் ரத்தக் கொதிப்பு மாத்திரையிலும் கொழுப்பு மாத்திரையிலும் வித்தியாசம் பெரும்பாலும் சில வெள்ளிதான். சில நேரங்களில் சிறு கடையில்தான் விலை குறைவாக இருக்கிறது. அப்படியும் போகிறார்களே, ஏன்?

சிறு கடையில் விலையைத் தெரிந்துகொள்ள வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்ட பிறகு "அவ்வளவா? வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வர நம்மவர்களுக்குக் கூச்சம். தெரிந்த முகமாக இருந்தால் கூச்சம் இன்னும் கூடும். பெரிய மருந்தகத்தில் விலை அலமாரியிலேயே ஒட்டியிருக்கிறது. குளிர்ச்சியான இடத்தில் கால் மணி நேரம் சுற்றிவிட்டு எதுவும் வாங்காமல் வந்தாலும் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மலிவு என்று அவர்கள் சொல்வதில் பாதி இந்த நிம்மதியைப் பற்றியது.

இந்த நிம்மதியை நீங்களும் கொடுக்கலாம், அதுவும் செலவில்லாமல். 2025 மே 1 முதல், தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்த உத்தரவு வந்தது. கிளினிக் மருத்துவர்கள் அதை எதிர்த்து அதே மாதம் புத்ராஜெயாவில் திரண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய வாதத்தில் நியாயம் உண்டா இல்லையா என்பது வேறு கதை. சிறு மருந்தகங்களைப் பொறுத்தவரை அந்த உத்தரவு ஒரு வரம் என்பது என் கருத்து. நீங்கள் பார்த்த அந்தக் கடையில் விலைப் பட்டியல் எங்கே இருந்தது? முகப்பு மேசைக்குப் பின்னால், கோப்புக்குள், கேட்டால் எடுத்துக் காட்டும் நிலையில் என்றால் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிக்கும் முயற்சியே அது. அதிகம் விற்கும் முப்பது மாத்திரைகளின் விலையைப் பெரிய எழுத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு (ஜெனரிக் பெயர்), மாதச் செலவு இவ்வளவு என்று சுவரில் ஒட்டுங்கள். தமிழிலும் ஒட்டுங்கள். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வரும் அத்தைகளுக்கும் தெரியும் அளவில் இருக்கட்டும்.

பினாங்குக்காரர்கள் விலை கேட்பதிலும் காலாவதித் தேதி பார்ப்பதிலும் விவரமானவர்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், அதன் தலைவராக இருந்து மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் காலத்திலிருந்து தமிழிலும் எழுதி எழுதி வளர்த்த பழக்கம் அது. அவர்களிடம் எதையும் மூடி வைத்து வியாபாரம் செய்ய முடியாது. திறந்து வைத்தால் தங்கிவிடுவார்கள்.

பெரிய மருந்தகங்களைப் பகையாகப் பார்க்காதீர்கள். அவற்றில் சில மருந்தாளுநர்கள் தொடங்கியவைதான். கேரிங் மருந்தகம் 1994-இல் அப்படித்தான் பிறந்தது. 2020-இல் 7-இலெவன் நிறுவனத்தின் கைக்குப் போய், பிறகு பிக் மருந்தகக் குழுமத்தோடு இணைந்தது. கிளைகள் பெருகும்போது கடையின் குணத்தை முதலாளி யார் என்பதே முடிவு செய்கிறது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே நீங்கள் கற்றதை மறக்க வேண்டாம். ஒரு கிளையில் காலாவதி நெருங்கும் மருந்தை அது வேகமாக விற்கும் இன்னொரு கிளைக்கு மாற்றிவிடுகிறார்கள். தனிக் கடைக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் உங்கள் அலமாரியிலேயே வாழ்ந்து, அங்கேயே சாகும்.

சரக்குக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலான சிறு கடைகள் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்குகின்றன.

பேச்சுக்கு மொத்த லாப விகிதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 90,000 வெள்ளி விற்பனையில் 18,000 வெள்ளி மிச்சம். அடக்க விலை 72,000. அலமாரியில் 190,000 வெள்ளிச் சரக்கு என்றால் இரண்டரை மாதத்திற்கும் மேலான சரக்கு தூங்குகிறது. விநியோகஸ்தரின் லாரி வாரத்தில் பல நாள் வந்து போகும் பினாங்குத் தீவில் இவ்வளவு தேவையே இல்லை. இந்த அளவுக் கடைக்கு ஒன்றரை மாதச் சரக்கு போதும் என்பேன். மீதி எதற்காக வந்தது? பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வலையில் விழுந்து வந்தது. விற்பனைப் பிரதிநிதி நல்ல பிள்ளை, மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்று கெஞ்சுவான், முதலாளி இரக்கப்பட்டு இருபது எடுத்துக்கொள்வார். அதில் எட்டு விற்கும்.

1,000 வெள்ளி மருந்து காலாவதியானால் நட்டம் ஆயிரத்தோடு நிற்பதில்லை. இந்த லாப விகிதத்தில் அந்த ஆயிரத்தை மீட்க நீங்கள் இன்னும் 5,000 வெள்ளிக்கு விற்றாக வேண்டும். எதிர்வரிசையோடு போட்டி போட்டு அந்த ஐயாயிரத்தைப் பிடிப்பது சுலபமா, ஆயிரத்தைக் காப்பாற்றுவது சுலபமா? தனிக் கடை நீடித்து நிற்குமா என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் ஒரு வெள்ளியாக இருந்த முகக்கவசத்தின் உச்ச விலையை நவம்பரில் 70 காசாக அரசாங்கம் குறைத்தது. 2021 செப்டம்பரில் வீட்டுப் பரிசோதனைப் பெட்டிக்கு 19.90 வெள்ளி என்று உச்ச வரம்பு வந்தது. முந்தைய விலையில் வாங்கிக் குவித்திருந்த எத்தனையோ சிறு முதலாளிகள் அப்போது கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் கடையின் பின்னறையில் ஏறிப் பாருங்கள். அந்தக் காலத்து முகக்கவசப் பெட்டிகள் இன்னும் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். அவையும் அந்த 190,000-க்குள் எண்ணப்பட்டிருக்கும்.

ஆகவே சரக்கை மொத்தமாக விலை பேசாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, இருவரும் சேர்ந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணுங்கள். காலாவதிக்கு ஓராண்டுக்கு மேல் இருப்பதற்கு அடக்க விலை கொடுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை இருப்பதற்குப் பாதி. அதற்கும் குறைவானவற்றை அவரே விநியோகஸ்தரிடம் திருப்பிக் கொடுக்கட்டும். அவர்கள் ஏற்காவிட்டால் அது அவர் பாடு. 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணோ ஹோலோகிராம் ஒட்டுவில்லையோ இல்லாத மருந்துப் பொருள் கண்ணில் பட்டால், குறிப்பாக மூட்டுவலி, ஆண்மை, உடல் மெலிவு என்று சொல்லி விற்கும் நாட்டு மருந்துகள், ஒன்றைக்கூடக் கையேற்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவிக்கிறது. கடை உங்கள் பெயருக்கு மாறிய மறுநாள் அமலாக்க அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். குளிர்பெட்டியில் உள்ள இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வரை என்ற வெப்பநிலைப் பதிவு நாள்தோறும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லையென்றால் அந்த இன்சுலினுக்கு மதிப்பு பூஜ்யம்.

இப்படி எண்ணினால் 190,000 எவ்வளவாகச் சுருங்கும் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. சுருங்கும் என்று மட்டும் சொல்வேன். பெரியவர் முகம் சுளிப்பார். தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

இனி அந்த மூன்றாவது பொருள். கடையின் பெயருக்கு 90,000 கேட்கிறாரே, அந்தப் பெயரின் உண்மையான மதிப்பு மருந்துப் பதிவேட்டில் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி பி பிரிவு மருந்துகளை மருத்துவரின் சீட்டுக்குத்தான் கொடுக்க முடியும், சி பிரிவு மருந்துகளை மருந்தாளுநரே பதிந்து கொடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பதிவுகளையும் கணினியில் உள்ள வாடிக்கையாளர் குறிப்புகளையும் ஓராண்டுக்குப் பின்னோக்கிப் புரட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் மாதம் தவறாமல் வந்திருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் எதிர்க்கடைகள் திறந்த பிறகும் வருகிறார்கள்? 90,000 விற்பனையில் அவர்களால் வருவது எவ்வளவு, பால் மாவாலும் டயப்பராலும் வருவது எவ்வளவு? பெயர்களைப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. விற்பனை முடியும்வரை அவை நோயாளிகளின் ரகசியம். எண்ணிக்கையை அவரே எடுத்துத் தரட்டும்.

திரும்பி வருகிறவர்களால் பாதி விற்பனையாவது நடக்கிறதென்றால் அந்த 90,000-ஐப் பற்றிப் பேச உட்காரலாம். பெரும்பகுதி பால் மாவு என்றால் பெயருக்கு ஒரு வெள்ளி கொடுப்பதும் அதிகம். அந்த வாடிக்கையாளர்கள் எதிர்வரிசையில் அடுத்த சலுகைத் தாள் வரும்வரைதான் உங்களுடையவர்கள்.

யார் இந்தத் திரும்பி வருகிறவர்கள்? அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் மருத்துவரையும் பார்க்கலாம், மருந்தும் கிடைக்கும். வசதி குறைந்த நம் மக்களில் பலர் அங்கேதான் போகிறார்கள், போகவும் வேண்டும். அவர்களை உங்கள் பக்கம் இழுக்கும் எண்ணம் வேண்டாம். இந்த நாட்டில் தனியார் மருத்துவர்களே மருந்தும் கொடுப்பதால் மருந்துச் சீட்டு உங்கள் கடைக்குத் தானாக வந்துவிடாது. மருந்தை வெளியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி நோயாளி சீட்டு கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கேட்க வாய் வராது. விலைப் பட்டியல் கட்டாயமான பிறகு கேட்கிறவர்கள் கூடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள், அரசாங்க கிளினிக்கில் காத்திருக்க நேரமில்லாதவர்கள், பெற்றோருக்கு மருந்து வாங்கித் தரும் நடுவயதுப் பிள்ளைகள் ஆகியோரே உங்களுடைய ஆட்கள். அவர்கள் அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை வாங்க வரும்போது தங்களுக்கு வயிற்றுப்புண் மருந்தும் வாங்குவார்கள்.

பெரியவர்கள் சிலர் மருந்துக் கடைக்காரரிடம் மருத்துவரைப் போலவே பேசுவார்கள். தோட்டத்தில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்த மாத்திரையைத் தின்று வளர்ந்த தலைமுறை அது. வெள்ளைச் சட்டை போட்டு மருந்து கொடுக்கிறவர் எல்லாம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. தமிழில் நாலு வார்த்தை பேசினால் போதும், பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து முன்னால் வைத்துவிடுவார்கள்: அரசாங்க மருத்துவமனை மாத்திரை, கிளினிக் மாத்திரை, மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது, கோடாலித் தைலம் உட்பட. ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இரண்டு உறைகளில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தை எதிர்வரிசையில் யாரும் விற்பதில்லை. அங்கே உள்ள மருந்தாளுநருக்குத் திறமை இல்லாமல் அல்ல. அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, முன்னால் மாத இலக்கு நிற்கிறது. உங்களுக்குத் தெரியாததா?

விளக்கம் கேட்டுவிட்டு அங்கே வாங்குகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனம் வலிக்கும்தான். ஆனால் அந்தப் பெரியவர் விளக்கம் சொல்லி முடித்ததும் விலையைச் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள். பல பழைய மருந்தாளுநர்கள் விளக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள், காசைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைப்பார்கள். "இந்த மாத்திரை மாதத்திற்கு இவ்வளவு ஆகும், இதே மருந்தின் பொதுப்பெயர் வகை இவ்வளவுதான், எது வேண்டும்?" என்று அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். அப்படியும் போகிறவர் போகட்டும்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இன்னொரு விஷயத்தைக் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. நீங்கள் ஒரே மருந்தாளுநர். மருந்தாளுநர் கடையில் இல்லாத நேரத்தில் பி, சி பிரிவு மருந்துகளைக் கொடுக்க முடியாது. ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து வேலை முடிந்து பாலம் தாண்டி வந்து, "மிஸ் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பதிலை இருமுறை கேட்டால் மூன்றாம் முறை எதிர்வரிசைக்குப் போவார். அதற்குப் பிறகு திரும்ப மாட்டார். சிறு கடைகளை விட்டு மக்கள் விலகுவதற்கு விலையைவிடப் பெரிய காரணம் இது என்று உறுதியாகச் சொல்வேன். காலை பத்திலிருந்து இரவு பத்து வரை நீங்களே நிற்க முயன்றால் ஓராண்டில் உடம்பு உட்கார்ந்துவிடும். நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். எழுதிய நேரத்தில் இடி விழுந்தாலும் கடையில் இருங்கள்.

உங்களுக்கு மாற்று ஆள் யார்? அந்தப் பெரியவர்தான். விற்பனை ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் ஓராண்டு வாரத்தில் இரண்டு நாள் அவர் மணிக்கூலிக்கு வந்து நிற்க வேண்டும், பெயருக்கான தொகையில் ஒரு பகுதியை அந்த ஓராண்டு முடிந்த பிறகே கொடுப்பீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்கள் முகத்துக்குப் பழகுவார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972-இல் நாட்டின் முதல் மருந்தியல் படிப்பை இங்கே பினாங்கில் தொடங்கியது. அந்தப் பழைய தலைமுறை இப்போது கடையை ஒப்படைக்க ஆள் தேடுகிறது. பலருக்குப் பிள்ளைகள் வரத் தயாரில்லை. பேரம் பேசும் இடத்தில் நீங்கள் நினைப்பதைவிட வலுவாக இருக்கிறீர்கள்.

செலவுக் கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 18,000-இலிருந்து வாடகை, மின்சாரம், ஊழியர் சேமநிதி, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, மாற்று மருந்தாளுநர் கூலி எல்லாம் போக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள கடைகளுக்கும் அது பொருந்தும். பெரியவர் காட்டும் பழைய கணக்கில் அந்த உயர்வு ஓராண்டு முழுவதும் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். அவர் தமக்குச் சம்பளம் எடுக்காமலே லாபம் காட்டியிருப்பார், அதையும் கழியுங்கள். இப்போது வாங்கும் சம்பளத்தில் முக்கால் பங்காவது உங்களுக்கு மிஞ்சாவிட்டால் விலையை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

சட்டத்தில் இரண்டு சங்கதிகள். நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் மருந்து விற்கத் தேவையான ஏ வகை உரிமம் மருந்தாளுநரின் பெயருக்கும் அந்த இடத்துக்கும் உரியது, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிவது. அவருடைய உரிமம் உங்களுக்கு மாறாது, நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும் முன் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கடை ஒரு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் பங்கு) நிறுவனமாக இருந்தால் அதன் பங்குகளை வாங்காதீர்கள். பழைய கடனும் வரிப் பாக்கியும் சேர்ந்தே வரும். சரக்கையும் வியாபாரத்தையும் மட்டும் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் குறைந்தது மூன்றாண்டுக்கும், விருப்பப்பட்டால் மேலும் மூன்றாண்டுக்கும் இருக்க வேண்டும். கட்டட உரிமையாளர் நாளைக்கு அந்த இடத்தையே பெரிய மருந்தகத்துக்குக் கொடுத்தால் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஒரு மருந்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் கிடையாது.

கடைசியாக உங்கள் ஆசை. பழைய மருந்துப் பெட்டி நல்ல எண்ணம், ஆனால் அதை வைக்காதீர்கள். முதல் ஆண்டில் நிச்சயம் வேண்டாம். மக்கள் கொண்டுவந்து போட்ட கணத்திலேயே அந்த மருந்து உங்கள் கழிவாகிவிடும். மனநோய் மருந்துகளும் தீங்கு விளைவிக்கும் மருந்துகளும் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் 'எஸ்டபிள்யூ 403' என்ற குறியீட்டின் கீழ் வருகின்றன. அவற்றை மாநகர் மன்றக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. உரிமம் பெற்ற குத்தகையாளரை அழைத்துக் காசு கொடுத்து அப்புறப்படுத்த வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதார கிளினிக்குகளிலும் உள்ள மருந்தகங்கள் வேண்டாத மருந்துகளைத் திரும்பப் பெறுகின்றன. உங்களிடம் கேட்பவர்களை அங்கே அனுப்புங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். எந்த நிலையிலும் திரும்பி வந்த பெட்டியைப் பிரிக்காதது என்று நினைத்து மறுபடி அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள். எந்த வெயிலில் எந்தக் காருக்குள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

கழிவைப் பெறுவதற்கு முன், கழிவு உண்டாகாமல் தடுக்க உங்களால் முடியும். புது மாத்திரை ஆரம்பிக்கிறவருக்கு மூன்று மாத அளவைக் கொடுக்காமல் இரண்டு வார அளவைக் கொடுங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பாருங்கள். "இது வீட்டில் இன்னும் நாற்பது மாத்திரை இருக்கிறது, இந்த மாதம் வாங்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். அன்றைய விற்பனையில் முப்பது வெள்ளி குறையும். மக்களைப் பற்றி நான் கவனித்த ஒன்று: சுற்றுச்சூழல் என்று சொல்லி யாரிடமும் ஒரு வெள்ளி கூடுதலாக வாங்க முடியாது, பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு முப்பது வெள்ளி மிச்சப்படுத்திக் கொடுத்தவரை மட்டும் மறக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்வார்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 2011 முதல் இலவசப் பை இல்லாமல் பழகிய மாநிலம் இது. மருந்துக்குப் பை வேண்டாம் என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே கொடுங்கள், பிரித்துச் சிறு உறையில் போட வேண்டாம். பழைய குளிர்பெட்டி மின்சாரத்தைக் குடிக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். இன்சுலினுக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

உங்கள் கணவர் வேலையை விடக் கூடாது. முதல் இரண்டாண்டு வீட்டுக்கு ஒரு நிலையான சம்பளம் வந்துகொண்டிருந்தால்தான், மாதக் கடைசியில் வாடகைக்குப் பயந்து வேண்டாத வைட்டமின் புட்டியை யார் தலையிலாவது கட்டாமல் இருப்பீர்கள். கணக்கு பார்க்கிறேன் என்கிறாரே, சனிக்கிழமை மாலை வந்து காலாவதிப் பட்டியலைச் சரிபார்க்கட்டும். அதைச் சலிக்காமல் செய்ய ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

அடுத்த வாரம் பெரியவரைப் பார்க்கும்போது விலையைப் பேசாதீர்கள். திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கை, காலாவதித் தேதி வாரியான சரக்குப் பட்டியல், வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். தயங்காமல் கொடுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், எண்களை வைத்துக்கொண்டு பேசுவோம். தட்டிக்கழித்தால், இப்போதைக்கு உங்கள் வேலையிலேயே இருங்கள்; ஆயர் ஈத்தாமிலும் குளுகோரிலும்கூடக் கடையை விட்டுவிட நினைக்கும் பெரியவர்கள் இருப்பார்கள்.